உஷார்! அந்த ஐந்து நட்சத்திரம் காசுக்கு வாங்கியது

கலிஃபோர்னியா டப்ளின்காரர்களே, தீபாவளிக்கும் பிளாக் ஃப்ரைடேக்கும் சேர்த்து ஆர்டர் தட்டப் போகிறீர்களா? ஒரு நிமிஷம். "வெரிஃபைடு பர்ச்சேஸ்" என்று போட்டிருந்தால் அது நிஜமான ரிவ்யூதான் என்று நம்புகிறவரா நீங்கள்? அந்த நம்பிக்கையைத்தான் இப்போது விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் கள்ள ரிவ்யூவை மொழியை வைத்தே பிடித்துவிடலாம். தப்பும் தவறுமான ஆங்கிலம், ஒரே மாதிரி நாலு வரி. இன்றைக்கு ஏஐ அதைச் சரிசெய்து கொடுத்துவிடுகிறது. இதையும் மிஞ்சிய வித்தை ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ ஒரு செய்தி வரும்: "பொருள் இலவசம், பேபாலில் ரீஃபண்ட், யுஎஸ் அக்கவுண்ட் மட்டும்." கூடவே இயர்பட்ஸ், ஏர் ஃப்ரையர், பொம்மைப் படங்கள். சரி என்றால் ஏஜென்ட் பாடம் நடத்துவார். லிங்க் தரமாட்டார், பொருளின் பெயரைச் சொல்லி அமேசானில் நீங்களே தேடச் சொல்வார். சந்தேகம் வராமலிருக்க வேறு இரண்டு பொருளையும் திறந்து பார்க்க வேண்டும். சொந்த கார்டில் வாங்கி, சில நாள் பொறுத்து, வீட்டில் எடுத்த போட்டோவோடு ஐந்து நட்சத்திரம் போட்டு, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் காசு திரும்பி வரும். வாங்கியது நிஜம், டெலிவரி நிஜம், போட்டோவில் தெரிகிற கிரானைட் மேடையும் நிஜம். அப்புறம் வெரிஃபைடு முத்திரை ஏன் விழாது?

வதந்தி என்று தள்ளிவிட வேண்டாம். 2021-ல் பூட்டில்லாமல் திறந்து கிடந்த ஒரு டேட்டாபேஸை சேஃப்டி டிடெக்டிவ்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு கண்டுபிடித்தது. இதே பேரத்தின் பதிவுகள், சுமார் 1.3 கோடி. அடுத்த ஆண்டு ஜூலையில், 10,000-க்கு மேற்பட்ட ஃபேஸ்புக் குழுக்களை நடத்தியவர்கள்மீது அமேசான் வழக்குப் போட்டது. அதில் ஒரே ஒரு குழுவில் மட்டும் 43,000 பேருக்கு மேல்!

நமக்கு நெருக்கமான கேஸ் ஒன்று சொல்கிறேன். கேரள மீன்குழம்பில் போடும் குடம்புளி இருக்கிறதே, அதன் சாற்றை மாத்திரையாக்கி, கார்சீனியா கம்போஜியா என்ற பெயரில், உடம்பு இளைக்கும் என்று சொல்லி அமேசானில் விற்றது க்யூர் என்காப்சுலேஷன்ஸ் என்ற நியூயார்க் கம்பெனி. சராசரி 4.3 நட்சத்திரத்துக்குக் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று, ரிவ்யூ விற்கும் இணையதளம் ஒன்றுக்குக் காசு கொடுத்து ரேட்டிங்கைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார் முதலாளி. 2019-ல் ஃபெடரல் டிரேட் கமிஷன் பிடித்தது. 1.28 கோடி டாலர் தீர்ப்பு. ஆனால் 50,000 டாலர் கட்டினால் மிச்சம் நிறுத்திவைப்பு. (இந்தக் கணக்கைப் பார்த்தால் அடுத்தவனுக்குப் பயம் வருமா?) கார்சீனியா மாத்திரையால் கல்லீரல் கெட்டதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. இயர்பட்ஸ் மட்டமானால் குப்பையில் போடலாம், வயிற்றுக்குள் போகிற மாத்திரையை என்ன செய்வது?

பெரிய பெயர் என்றால் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். சன்டே ரைலி என்ற அழகுசாதன பிராண்டின் ஊழியர்களே செஃபோரா தளத்தில் பொய்ப்பெயரில் தங்கள் கிரீமைப் புகழ்ந்து எழுதினார்கள். நம் கலிஃபோர்னியாவின் ஃபேஷன் நோவா, நாலு நட்சத்திரத்துக்குக் குறைவான ரிவ்யூக்களை வெளியிடாமல் அமுக்கிவைத்தது. 2022-ல் 42 லட்சம் டாலர் கட்டியது. வைட்டமின் விற்கும் பவுன்டிஃபுல் கம்பெனி, நன்றாகப் போகும் பழைய சரக்கோடு புதுச் சரக்கையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டி, பழையதன் நட்சத்திரத்தைப் புதியதற்கும் பூசியது. 2023-ல் 6 லட்சம் டாலர்.

இந்தக் கடைசித் தில்லுமுல்லை நீங்களே பிடிக்கலாம். மேலே காட்டுகிற ரிவ்யூவை விடுங்கள். தேதிவாரியாக அடுக்கிப் பழையதைப் படியுங்கள். நீங்கள் பார்ப்பது தோசைக்கல், இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரிவ்யூ போன் கவரைப் புகழ்கிறது என்றால் உடனே பக்கத்தை மூடுங்கள். நாலைந்து நாளில் ஐம்பது ஐந்து நட்சத்திரங்கள் கொட்டியிருந்தாலும் அப்படியே. நான் முதலில் படிப்பது மூன்று நட்சத்திரத்தைத்தான். காசு கொடுத்து யாரும் மூன்று நட்சத்திரம் வாங்குவதில்லை. மூடி இறுக்கமில்லை, சத்தம் அதிகம், மற்றபடி பரவாயில்லை என்று எழுதுகிறவர் பெரும்பாலும் பயன்படுத்தியவராகத்தான் இருப்பார். கள்ள ரிவ்யூவைக் கண்டுபிடிக்கப் பலர் நம்பியிருந்த ஃபேக்ஸ்பாட்டை மொசில்லா 2025 ஜூலையில் மூடிவிட்டது. இனி நம் கண்தான் துணை.

இலவசம் என்று அந்தக் குழுக்களில் சேர்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015-லேயே, சில டாலருக்கு ரிவ்யூ எழுதித் தந்த 1,114 பேர்மீது அமேசான் வழக்குப் போட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 21 முதல் கள்ள ரிவ்யூவை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஃபெடரல் விதிப்படி தடை. தெரிந்தே செய்தால் மீறல் ஒவ்வொன்றுக்கும் 50,000 டாலருக்கு மேல் அபராதம் போகலாம். குறி கம்பெனிகள்தான் என்றாலும், உங்கள் பெயரும் வீட்டு விலாசமும் பேபால் கணக்கும் முகம் தெரியாத ஏஜென்டின் கையில் இருக்கின்றன. ரீஃபண்ட் வராவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

வீட்டு வேலைக்கு ஆள் பிடிப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கூகுளிலும் யெல்ப்பிலும் பிளம்பருக்கும் பாத்ரூம் ரீமாடலிங் ஆளுக்கும் விழுகிற நட்சத்திரங்களும் இதே சந்தைச் சரக்காக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் 1,000 டாலரோ அதற்கு மேலோ ஆகிற வேலைக்கு கான்ட்ராக்டர் லைசென்ஸ் கட்டாயம். ஸ்டேட் லைசென்ஸ் போர்டின் தளத்தில் நம்பரைத் தட்டினால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, பாண்ட் இருக்கிறதா, நடவடிக்கை உண்டா என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். முன்பணம் மொத்தத்தில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கச் சட்டத்தில் பொதுவாக இடமில்லை. 200 ரிவ்யூவும் 4.9 ரேட்டிங்கும் வைத்துக்கொண்டு பாதிப் பணம் முன்னாடியே கேட்கிறாரா? வாசலோடு அனுப்பிவிடுங்கள்.