கனடாவை உலுக்கிய நீண்ட படிவம்

கனடாவில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2006 வரை அதற்கு இரண்டு படிவங்கள் இருந்தன. வயது, தாய்மொழி போன்ற அடிப்படைக் கேள்விகள் கொண்ட சிறிய படிவம் பெரும்பாலான வீடுகளுக்குப் போனது. ஐந்தில் ஒரு வீட்டுக்கு மட்டும், மேலும் 53 கேள்விகளுடன் நீண்ட படிவம் வந்தது. வீட்டில் எத்தனை படுக்கையறைகள், வேலைக்கு எப்படிப் போகிறீர்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் வீட்டு வேலை செய்கிறீர்கள், வருமானம் என்ன, பூர்விகம் எது என்றெல்லாம் அது கேட்டது. பதில் தர மறுத்தால் 500 டாலர் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது சட்டம்.

படுக்கையறைக் கணக்கு அரசுக்கு எதற்கு என்று பலர் கேட்டார்கள். அதற்காகச் சிறை என்று மிரட்டுவது முறையா என்றும் கேட்டார்கள். இரண்டாவது கேள்வி முற்றிலும் நியாயமானது. ஆனால் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு 2010இல் சிறைத் தண்டனையை நீக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கட்டாய நீண்ட படிவத்தையே கைவிட்டது. விரும்பியவர்கள் மட்டும் நிரப்பும் ‘தேசியக் குடும்ப ஆய்வு’ அதன் இடத்துக்கு வந்தது. நகராட்சிகள், மருத்துவர்கள், பொருளாதார அறிஞர்கள், பிரெஞ்சு பேசும் சிறுபான்மையினர் எனப் பல தரப்பினர் எதிர்த்தனர். விருப்ப ஆய்வு கட்டாயக் கணக்கெடுப்புக்கு ஈடாகாது என்று எழுதிவிட்டு, நாட்டின் தலைமைப் புள்ளியியலாளர் முனீர் ஷேக் ஜூலையில் பதவி விலகினார்.

அவர் சொன்னதற்குக் காரணம் எளிது. விருப்பத்துக்கு விட்டால் எல்லாத் தரப்பினரும் ஒரே அளவில் பதில் தருவதில்லை. வறியவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள், பூர்வகுடிகள், அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரர்கள் ஆகியோரே அதிகம் விடுபடுவார்கள். இன்னும் நிறைய வீடுகளுக்குப் படிவம் அனுப்பினாலும் இந்தக் கோணல் நிமிராது. பதில் தரும் பழக்கம் உள்ளவர்களிடமிருந்தே மேலும் பதில்கள் வரும். பேருந்துத் தடம், பள்ளி, மருத்துவமனை, குடியேறிகளுக்கான மொழி வகுப்பு ஆகியவற்றை எங்கே அமைப்பது என்று தீர்மானிப்பதில் நீண்ட படிவத் தரவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. டொராண்டோ தமிழர்களைப் போன்ற குடியேறிச் சமூகங்களின் பூர்விகம், வருமானம், வேலை பற்றிய விவரங்களும் இந்தப் படிவத்திலிருந்தே கிடைத்துவந்தன. அதிகம் விடுபடுகிறவர்களுக்குத்தான் அந்த வசதிகள் அதிகம் தேவைப்படுகின்றன என்பது இதில் உள்ள பெரிய அநியாயம்.

2011இல் மூன்றில் ஒரு வீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 45 லட்சம் வீடுகளுக்கு, விருப்ப ஆய்வுப் படிவம் போனது. 2006இல் 93 சதவீதத்துக்கு மேல் இருந்த பதில் விகிதம் 69 சதவீதத்துக்கு இறங்கியது. கூடுதல் படிவங்களால் செலவும் 2 கோடி டாலருக்கு மேல் கூடியது. தரம் போதாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்களின் விவரங்களை வெளியிடவே முடியவில்லை.

2015 நவம்பரில் பதவியேற்ற ஜஸ்டின் ட்ரூடோ அரசு, மறுநாளே கட்டாயப் படிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. 2016இல் அதற்குக் கிடைத்த பதில் விகிதம் ஏறத்தாழ 98 சதவீதம். சிறைத் தண்டனையைச் சட்டத்திலிருந்து 2017இல் நாடாளுமன்றம் நீக்கியது. அபராதம் மட்டும் தொடர்கிறது. மக்களின் நியாயமான குறையைத் தீர்க்க அந்தத் திருத்தம் ஒன்றே போதும். 2010இலேயே அதைச் செய்திருக்கலாம்.