ஏற்றுமதியும் இறக்குமதியும்: வன்னிக் கமக்காரர் அறிய வேண்டியவை

கமக்காரக் குடும்பம் ஒன்று தான் விளைவித்த நெல்லின் ஒரு பங்கை உணவுக்கு வைத்து, மிகுதியை விற்று, உப்பும் சீலையும் மண்ணெண்ணெயும் வாங்குகின்றது. நாடும் அவ்வாறே தன்னிடமுள்ளவற்றைப் பிற நாடுகளுக்கு விற்று, தன்னிடம் இல்லாதவற்றை வாங்குகின்றது. விற்பது ஏற்றுமதி, வாங்குவது இறக்குமதி. வாங்குவதன் பெறுமதி விற்பதன் பெறுமதியிலும் கூடுமாயின், அப்பற்றாக்குறையை வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்தாலும், உல்லாசப் பயணிகளால் வரும் வருவாயாலும், ஈற்றில் கடனாலும் நிரப்புதல் வேண்டும்.

இவை கொழும்புத் துறைமுகத்துக்கும் மத்திய வங்கிக்கும் மட்டும் உரிய விடயங்கள் எனக் கருதுவோர் உளர். அது பொருந்தாது. இரணைமடுக் குளத்தின் கீழ் விளையும் நெல், விசுவமட்டு மிளகாய், வவுனியா உழுந்து, முல்லைத்தீவு நிலக்கடலை ஆகியவற்றின் விலையும், அவற்றுக்கு இடும் பசளையின் விலையும் இவ்வர்த்தகத்தாலேயே பெரிதும் நிருணயிக்கப்படுகின்றன.

இலங்கை விற்பவையும் வாங்குபவையும்

1950களில் தேயிலை, இறப்பர், தெங்குப் பொருட்கள் ஆகிய மூன்றுமே ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஈட்டித் தந்தன. அதன் பின்னர் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. 2024ஆம் ஆண்டில் இலங்கையின் பண்ட ஏற்றுமதி ஏறத்தாழ 1,280 கோடி அமெரிக்க டொலர். இதில் ஐந்தில் இரண்டு பங்கு ஆடை, புடைவை வகைகளால் கிடைத்தது. தேயிலையால் கிடைத்தது 140 கோடி டொலரளவே. அதே ஆண்டில் இறக்குமதி ஏறத்தாழ 1,880 கோடி டொலர். எனவே பற்றாக்குறை 600 கோடி டொலர் அளவினதாகும்.

இறக்குமதிப் பட்டியலில் எரிபொருள், ஆடைத் தொழிலுக்கான துணி, இயந்திரங்கள், மருந்து ஆகியவற்றுடன் கோதுமை, சீனி, பருப்பு, பால்மா, செத்தல் மிளகாய், பெரிய வெங்காயம் என்பனவும் உள. கோதுமை இலங்கையில் விளைவதில்லை; அதனை வாங்கியே தீர வேண்டும். மிளகாயும் வெங்காயமும் அவ்வாறானவை அல்ல. வன்னி மண்ணில் நன்கு விளையக்கூடிய பயிர்களுக்கும் அந்நியச் செலாவணி வெளியே செல்கின்றது என்பது கவனிக்கத்தக்கது.

இறப்பர் கொடுத்து அரிசி பெற்ற காலம்

1950ஆம் ஆண்டில் கொரியப் போர் மூண்டபோது இறப்பரின் விலை உயர்ந்தது. பின்னர் அது வீழ்ச்சியடைய, உலகச் சந்தையில் அரிசியின் விலையோ ஏறியது. அக்காலத்தில் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளிநாடுகளில் வாங்கி, பங்கீட்டு முறையில் வழங்கி வந்தது. இந்நெருக்கடியில், வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்கவின் முயற்சியால் 1952 டிசெம்பரில் சீனாவுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்யப்பட்டது. ஆண்டுதோறும் 50,000 மெட்ரிக் தொன் இறப்பர் கொடுத்து, 270,000 மெட்ரிக் தொன் அரிசி பெறுவது அதன் சாரம்.

எனினும் துன்பம் நீங்கவில்லை. 1953இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஓகத்து மாதம் நாடெங்கும் ஹர்த்தால் நடைபெற்றது, உயிர்களும் பலியாயின. தன் உணவைப் பிறரிடம் வாங்கும் நாட்டில், எங்கோ நிகழும் போர் அடுப்பங்கரை வரை வந்துவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

அடைத்த கதவும் திறந்த கதவும்

1970இன் பின்னர் அந்நியச் செலாவணி அருகியமையால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டது. வட பகுதிக் கமக்காரருக்கு அது செழிப்பான காலம். முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களில் குடியேறிய படித்த வாலிபர்கள் மேட்டு நிலத்தில் மிளகாய் செய்து நல்ல வருவாய் பெற்றனர். அதே காலத்தில் நகரத்து மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றனர் என்பதையும் மறத்தலாகாது. ஒருவருக்கு இலாபமாயிருந்த தடை, மற்றொருவருக்குத் தட்டுப்பாடாயிருந்தது.

1977இல் ஆட்சி மாறியது. இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவியவே, உள்ளூர் விலை வீழ்ந்தது. பாதுகாப்பையே நம்பிச் செலவைக் குறைக்காது செய்தவர்கள் முதலில் நட்டமடைந்தனர்.

பின்னர் வந்த போர்க்காலத்தில், சிறப்பாக 1990களில், பசளையும் எரிபொருளும் வன்னிக்குச் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணம்–கண்டி வீதி அடைபட்டிருக்க, விளைந்ததை வெளியே விற்பதும் அரிதாயிற்று. கப்பலும் வீதியும் தடைப்படின் கமத்துக்கு நேர்வது யாது என்பதை வன்னிக் கமக்காரருக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

2021, 2022ஆம் ஆண்டுகளின் பாடம்

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. மாற்றுப் பசளை போதிய அளவில் ஆயத்தமாயிருக்கவில்லை. அவ்வாண்டு நவெம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலபோகப் பயிர் வயலில் நின்றது. அப்போகத்தின் நெல் விளைவு முன்னைய காலபோகத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. டொலரை மிச்சப்படுத்தும் எண்ணமும் கொண்டு செய்த தடை, 2022இல் ஏழு இலட்சம் மெட்ரிக் தொன்னுக்கு மேற்பட்ட அரிசியை டொலர் கொடுத்து வாங்கும் நிலைக்கே கொண்டுசென்றது.

2022 ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலரின் பெறுமதி ஆண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவளவாயிற்று. இதன் விளைவை எளிதில் கணித்தறியலாம். உலகச் சந்தையில் 100 டொலர் விலையுள்ள ஒரு பொருள் முன்னர் 20,000 ரூபாவுக்குக் கிடைத்தது. உலக விலை சிறிதும் ஏறாதிருந்தும், அது 36,000 ரூபாவாகிவிட்டது. யூரியாவின் உலக விலையும் அவ்வேளையில் ஏறியிருந்தமையால், 50 கிலோ மூடை ஒன்று சந்தையில் 40,000 ரூபாவரை விற்கப்பட்டது. டீசலுக்கு நாட்கணக்கில் காத்திருந்த உழவு இயந்திரங்களை எவரும் மறந்திரார்.

நெல் விலையும் இறக்குமதியும்

உள்ளூர் அரிசி குறைந்து விலை ஏறும்போது அரசு இறக்குமதிக்கு இடமளிக்கின்றது. 2024 டிசெம்பரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. கிலோ ஒன்றுக்கு 65 ரூபா வரியுடன், 2025 சனவரி நடுப்பகுதிக்குள் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் மெட்ரிக் தொன்னுக்கு மேற்பட்ட அரிசி வந்திறங்கியது.

2025 பெப்ருவரியில் அரசு அறிவித்த கொள்வனவு விலை, நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச்சம்பா 132 ரூபா. ஒரு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 650 கிராம் அரிசி கிடைக்கும். ஆகவே 120 ரூபா நெல்லிலிருந்து பெறும் அரிசியின் அடக்க விலை, ஆலைக் கூலி நீங்கலாகவே, கிலோ 185 ரூபாவளவு. வரியும் சேர்த்து அதனிலும் குறைந்த விலைக்கு வெளிநாட்டரிசி வந்திறங்குமாயின், வியாபாரி களத்து நெல்லின் விலையைக் குறைத்தே கேட்பார். எனவே இறக்குமதி வரியில் ஏற்படும் மாற்றத்தைப் பத்திரிகையிலும் வானொலியிலும் கவனித்தல், மழைச் செய்தியைக் கவனித்தலைப் போன்றே பயனுடையதாகும்.

மிளகாய், வெங்காயத்துக்கும் இது பொருந்தும். 2023 டிசெம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடுத்ததும் இலங்கையில் விலை உயர்ந்தது. 2024 மே மாதத்தில் அத்தடை நீங்கியது. அயல்நாட்டின் ஓர் அறிவித்தல் ஒரு போகத்தின் இலாபத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்லது.

கமக்காரர் செய்யத்தக்கவை

துறைமுகக் கதவைத் திறப்பதும் அடைப்பதும் கமக்காரரின் கையில் இல்லை. ஆயினும் அதனால் வரும் அதிர்ச்சியைக் குறைக்கப் பின்வருவன உதவும்.

1. இலங்கைக்கு வேண்டிய யூரியாவும் பொட்டாசுப் பசளையும் இறக்குமதியாகின்றன. மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவே இடுக. வைக்கலை எரியாது வயலிற்கே திருப்புவதால் பொட்டாசியம் மண்ணுக்கு மீளும். வேலியில் நிற்கும் கிளிசிறியாத் தழையும் கூட்டெருவும் இரசாயனப் பசளையின் தேவையைக் குறைக்கும். ஒரே போகத்தில் அதனை முற்றாக நீக்க எண்ணுதல் தவறு.

2. நெல்லை 14 சதவீத ஈரப்பதனுக்கு உலர்த்துக. ஈர நெல்லைக் களத்திலேயே விற்பவர் வியாபாரி சொல்லும் விலையை ஏற்றே ஆகவேண்டும். உலர்ந்த நெல்லை வைத்திருந்து விற்கலாம்.

3. செத்தல் மிளகாயை வெறுந்தரையில் பரப்பாது, படங்கின் மீது உலர்த்தி, பழுதானவற்றை நீக்கித் தரம் பிரித்து விற்க. பூஞ்சணம் பிடித்த மிளகாய் வெளிநாட்டு மிளகாயுடன் போட்டியிட மாட்டாது.

4. நெல் ஒன்றையே நம்பாது, சிறுபோகத்தில் நீர் குறைந்த வயலில் பயறு, கௌப்பி, உழுந்து, நிலக்கடலை ஆகியவற்றுள் மண்ணுக்கு ஏற்றதைச் செய்க. ஒன்றின் விலை வீழினும் மற்றொன்று தாங்கும்.

5. தூய இனங்களின் விதையைத் தெரிந்து சேமித்து வைக்க. கலப்பின மரக்கறி விதைகளுட் பல இறக்குமதியானவை. அவற்றின் விலை டொலருடன் ஏறும்.

6. விதைக்குமுன் கமக்காரர் அமைப்பின் மூலம் எவர் எப்பயிரை எவ்வளவு செய்வர் எனப் பேசி முடிவு செய்க. யாவரும் கத்தரி செய்தால் யாவருக்கும் நட்டமே.

ஐயங்கள் எழுமிடத்து அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ ஆலோசனை பெறலாம். வன்னியில் விளையும் ஒவ்வொரு மூடை நெல்லும் ஒவ்வோர் அந்தர் மிளகாயும் நாடு கடன்பட்டு வாங்கவேண்டிய பொருளில் ஒரு பகுதியைக் குறைக்கின்றன. அதனைக் குறைந்த செலவில், நல்ல தரத்தில் விளைவிக்கும் கமக்காரரே, கதவு அடைபட்ட காலத்திலும் திறந்த காலத்திலும் நிலைத்து நிற்பார்.