வாங்கிய பழம் சீக்கிரம் அழுகுவது ஏன்?

காசு கொடுத்து வாங்கிய பழம் இரண்டே நாளில் குப்பைக்குப் போகிறது. பல வீடுகளில் இப்படி நடக்கிறது. குற்றம் பெரும்பாலும் பழத்தின் மேல் அல்ல; அதை வைக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

பழம் மூச்சு விடுகிறது!

பறித்த பிறகும் பழத்துக்கு உயிர் உண்டு. அது மூச்சு விடுகிறது. பல பழங்கள் பழுக்கும்போது "எத்திலீன்" என்ற வாயுவை வெளியே விடுகின்றன. ஆப்பிள் பழம் இந்த வாயுவை விடுவதை, 1934-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி கேன் நிரூபித்துக் காட்டினார்.

இந்த வாயு, பக்கத்தில் இருக்கும் காயையும் பழுக்க வைத்துவிடும். மாங்காயை வைக்கோலில் புதைத்து வைப்பது இதற்காகத்தான். வாயு வெளியே போகாமல் உள்ளேயே தங்கும். காய் கனியும்.

சேர்த்து வைக்காதீர்கள்

வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, ஆப்பிள் ஆகியவை எத்திலீன் விடும் பழங்கள். இவற்றை ஒரே கூடையில் போட்டு மூடினால், எல்லாம் ஒன்றாகப் பழுத்து, ஒன்றாக அழுகும். பழத்தைத் தனியாகவும், காயைத் தனியாகவும் வைக்க வேண்டும். கீரைக்குப் பக்கத்திலும் இவற்றை வைக்கக்கூடாது. கீரை மஞ்சளாகிவிடும்.

திராட்சை, மாதுளை, ஆரஞ்சு ஆகியவை பறித்த பிறகு மேலும் பழுக்காது. ஆகவே, கனிந்ததாகப் பார்த்து வாங்கி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்.

வாழைக்குக் குளிர் ஆகாது

குளிர் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வாழைப்பழத்தின் தோல் கறுத்துவிடும். சீப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. பழம் நசுங்காது.

மாங்காயையும் வெளியில் வைத்தே பழுக்கவிட வேண்டும். பழுத்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில நாட்கள் தாங்கும்.

பெட்டி இல்லாத வீடுகளில், காற்றோட்டமான நிழலில் முறத்தில் பரப்பி வைக்கலாம். அடுப்பின் சூடும், வெயிலும் படக்கூடாது.

ஈரம்தான் எதிரி

திராட்சையை வாங்கியவுடன் கழுவி வைக்கக்கூடாது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சாப்பிடும்போது கழுவினால் போதும். அழுகிய பழத்தை உடனே அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை மற்றவற்றுக்கும் பரவும்.

வெட்டிய பழம்

வெட்டிய பழத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. கிருமிகள் பெருகும். அதைச் சாப்பிடும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரலாம். மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டி இல்லாவிட்டால், தேவையான அளவே வெட்ட வேண்டும்.

தினமும் ஒரு முறை பழக்கூடையைப் பாருங்கள். முதலில் கனிந்ததை முதலில் சாப்பிடுங்கள். பழமும் வீணாகாது, பணமும் வீணாகாது!