முயலின் காதுச் சீழ்: சொட்டு மருந்து மட்டும் போதாது

ஆறேழு வயதான வளர்ப்பு முயல் ஒருநாள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நடக்க ஆரம்பித்தால், வீட்டிலிருப்பவர்கள் அதை வாதம் என்பார்கள், இல்லாவிட்டால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். நடுக்காதிலோ உட்காதிலோ சீழ் கோத்திருப்பதுதான் பல நேரங்களில் காரணம். நன்கு பராமரித்தால் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வரை வாழக்கூடிய பிராணி அது. ஆறு வயதில் கைவிடுவதற்கு நியாயமே இல்லை.

முயல் வலியை மறைத்துக்கொள்ளும். பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம் அப்படித்தான் பிழைத்து வந்திருக்கிறது. அதனால் அறிகுறிகள் சின்னச்சின்னதாகவே தெரியும். பின்னங்காலால் காதை அடிக்கடி சொறியும், தலையை உதறும், பல்லை நறநறவென்று கடிக்கும். புல்லை ஒதுக்கிவிட்டு மென்மையான இலையை மட்டும் எடுக்கும். புழுக்கை சிறுத்துப்போகும். தலை சாய்வதும், கண்மணி தானாக அசைவதும், முகத்தின் ஒரு பக்கம் தொங்குவதும் நோய் உள்ளே வெகுதூரம் போய்விட்ட பிறகு வருபவை.

இந்த நோய் ஏன் இவ்வளவு பிடிவாதமானது? முக்கியமான காரணம் சீழின் தன்மை. நாய், பூனைகளின் சீழைப்போல முயலின் சீழ் நீர்த்து வடியாது. அதன் வெள்ளணுக்களில் சீழைக் கரைக்கும் நொதிகள் குறைவு. மருத்துவர் காதின் அடிப்பகுதியை இரு விரலால் மெல்ல அழுத்தினால், குழாயிலிருந்து பற்பசை பிதுங்குவதுபோல வெள்ளையாக மேலேறி வரும். அந்தக் கணத்தில் முயல் கண்ணைச் சுருக்கி, உடம்பைப் பின்னுக்கு இழுக்கும். அவ்வளவு கெட்டியான சீழுக்குள் மருந்து எளிதில் ஊடுருவாது. கிருமிகள் மூக்கிலிருந்து குழாய் வழியாக நடுக்காதின் எலும்பு அறைக்குள் போயிருந்தால், மேலே ஊற்றும் சொட்டு மருந்து அங்கே எட்டவே எட்டாது. பாஸ்டுரெல்லா, ஸ்டெஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் ஆகியவை அடிக்கடி காணப்படும் கிருமிகள். ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றுக்கு உதவாமல் போகலாம்.

தொங்கும் காதுள்ள இனங்களுக்கு ஆபத்து கூடுதல். காது மடங்கும் இடத்தில் துவாரம் குறுகி, மெழுகும் அழுக்கும் அடைத்துக்கொள்கின்றன. பிரிட்டனில் ஒரு காப்பகத்தில் இருந்த 30 முயல்களை, தொங்கு காதுள்ளவை பாதி, நிமிர்ந்த காதுள்ளவை பாதி என்று ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: தொங்கு காது முயல்களுக்குக் காதிலும் பல்லிலும் தொல்லை அதிகம். அழகுக்காக வாங்குபவர்களிடம் கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. முதுமை வந்தால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மூட்டுவலியால் பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல் போகிறது.

காதுக்குள் பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு கட்டியிருந்தால் அது பெரும்பாலும் காதுப்பேன். அதற்கு வைத்தியம் வேறு. பொருக்கை உரித்தெடுக்கக் கூடாது, கடுமையாக வலிக்கும். உரிய மருந்து கொடுத்தால் அது தானாகவே உதிரும். எல்லாத் தலைச்சாய்வும் காதுச் சீழால் வருவதும் அல்ல. மூளையைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணியாலும் வரும். அதற்கு ஃபென்பெண்டசோல் மருந்தை 28 நாள் கொடுப்பது வழக்கம். எது என்று தெரியாமல் மருந்து தொடங்கினால் நாட்கள்தான் வீணாகும்.

நோயைவிட வேகமாக உயிரை எடுப்பது தவறான மருந்து. வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப்பை, "கொஞ்சம்தானே" என்று முயலின் வாயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. முயலின் செரிமானம் குருட்டுக்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை நம்பியிருக்கிறது. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் அந்த நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெருகும். வயிற்றுப்போக்கு பிடித்து, சில நாட்களில் முயல் இறந்துவிடும். பென்சிலினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவதை மட்டும் அனுபவமுள்ள மருத்துவர்கள் பாதுகாப்பாகச் செய்கிறார்கள். நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் உண்ணி ஸ்பிரேயும் முயலுக்கு எமன். நாய்களுக்கான காதுச் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முயலின் நோய் எதிர்ப்புச் சக்தியை ஸ்டீராய்டு சட்டென்று குலைத்துவிடும். செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற சொட்டு மருந்து உட்காதையே கெடுத்துவிடும்.

அப்படியானால் சரியான வைத்தியம் எது? முதலில் கருவி வைத்துக் காதுக்குள் பார்க்க வேண்டும். பிறகு சீழை எடுத்துக் கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எலும்பு அறையில் சீழ் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே ஓரளவு காட்டும், சிடி ஸ்கேன் தெளிவாகக் காட்டும். என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம் சல்ஃபா, அசித்ரோமைசின் ஆகியவற்றில் பொருத்தமானதை மருத்துவர் எடைக்கேற்பக் கணக்கிட்டுத் தருவார். பல வாரங்கள் கொடுக்க வேண்டியிருக்கும், சிலவற்றுக்கு மாதக்கணக்காகும். பத்து நாளில் முயல் தெம்பானதும் நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு நோய் திரும்புகிறது. மெலாக்சிகாம் போன்ற வலி நிவாரணியும் கட்டாயம் தேவை. வயதான முயலுக்கு அதைத் தொடங்குமுன் சிறுநீரகத்தைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மருந்துக்கு அடங்காத சீழை அறுவை சிகிச்சையால் அகற்றலாம். காதுக் குழாயை எடுத்துவிட்டு எலும்பு அறையைத் திறந்து சுத்தம் செய்வார்கள். முக நரம்பு பாதிக்கப்படும் ஆபத்து உண்டு என்பதால், செய்து பழகிய கை வேண்டும். முயல் வாந்தி எடுக்காது. ஆகவே நாயைப்போல அறுவைக்கு முன் அதைப் பட்டினி போடக் கூடாது. "முந்தின இரவிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்" என்று மருத்துவமனையில் சொன்னால், முயலுக்குமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். குணமான பிறகும் தலை சற்றுச் சாய்ந்தே இருக்கலாம். அப்படியே வருடக்கணக்கில் நன்றாகத் தின்று ஓடியாடும் முயல்கள் உண்டு. வலியை எந்த மருந்தாலும் அடக்க முடியாத நிலையில்தான் கருணைக்கொலை பற்றிய பேச்சு எழ வேண்டும்.

சட்டமும் இங்கே துணைக்கு வரும். இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டம், 1984இன்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் இத்தகைய சிகிச்சை செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதையல்ல, அது உங்கள் உரிமை. எந்த மருந்து, என்ன அளவு, எத்தனை நாள் என்று எழுதிய மருந்துச் சீட்டையும், சோதனை முடிவுகளின் நகலையும், கட்டண ரசீதையும் கேட்டு வாங்குங்கள். கட்டணம் கொடுத்துப் பெறும் சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் வழிகாட்டும். தொழில் ஒழுக்கம் பற்றிய புகார் என்றால் மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலுக்குப் போக வேண்டும். முயல் பிழைக்கவில்லை என்பது மட்டுமே குற்றமாகாது. உரிய கவனம் காட்டப்பட்டதா என்பதே கேள்வி. வளர்ப்பவருக்கும் கடமை உண்டு: தன் பொறுப்பில் உள்ள விலங்கு வீணாக வலி அனுபவிக்காமல் காக்க வேண்டும் என்று 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது.

தெருமுனைக் கிளினிக்கில் முயல் அனுபவம் இல்லையென்றால் வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றின் மருத்துவமனைகளை முதலில் விசாரியுங்கள். புறப்படும் வரை முயலுக்குத் தண்ணீரும் புல்லும் எட்டும் தூரத்தில் வையுங்கள். உருண்டு விழுந்தால் அடிபடாதபடி பக்கங்களில் துணிச்சுருள் அடுக்குங்கள். பன்னிரண்டு மணி நேரம் எதையும் தின்னாமல் இருந்தாலோ, புழுக்கை நின்றுபோனாலோ, மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.