பரண் மேல் கிடக்கும் இசைத்தட்டுகளை லேப்டாப்பில் ஏற்றுவது எப்படி?

செகந்திராபாத்தில் தாத்தா காலத்து வீட்டைக் காலி செய்கிறீர்களா? பரணிலிருந்து ஒரு கட்டு இசைத்தட்டு இறங்கினால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எல்லாம்தான் ஆப்பில் இருக்கே?

ஹிட் பாடல்கள் இருக்கும். ஆனால் சினிமா கதை-வசனத் தட்டுகள், வில்லுப்பாட்டு, சிறிய கம்பெனிகள் வெளியிட்ட பக்திப் பாடல்கள் எனப் பல இன்னும் ஆப்களுக்கு வரவில்லை. உங்கள் கையில் இருப்பது மிஞ்சிய சில பிரதிகளில் ஒன்றாகக்கூட இருக்கலாம். 40 டிகிரியைத் தாண்டும் ஹைதராபாத் வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் தட்டு வளைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள்.

முதலில் எந்தத் தட்டு என்று பாருங்கள்

நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்பி-யும், 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டும் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். கனமாக, கீழே விழுந்தால் உடைகிற 78 சுற்றுத் தட்டு அரக்கு கலந்தது. அதில் ஆல்கஹால் கலந்த கிளீனர் பட்டால் கரைந்துவிடும், ஜாக்கிரதை. அதற்கான ஊசியும் வேறு. எல்பி ஊசியைவிட முனை சுமார் 4 மடங்கு அகலம்.

பிவிசி தட்டு என்றால் மைக்ரோஃபைபர் துணியில் டிஸ்டில்டு வாட்டர் நனைத்து, பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடு லேபிள் நனையக் கூடாது.

என்னென்ன தேவை?

ஒரு டர்ன்டேபிள், ஃபோனோ ப்ரீஆம்ப், கம்ப்யூட்டர். தட்டில் பதிக்கும்போதே கீழ்சுரத்தைக் குறைத்து, மேல்சுரத்தைக் கூட்டித்தான் பதிப்பார்கள். அதைத் திரும்பச் சமன் செய்வது ப்ரீஆம்பின் வேலை. அது இல்லாமல் நேரடியாகச் செருகினால், பாட்டு தகர டப்பாவுக்குள் பாடுவது போல மெலிசாகக் கேட்கும். யுஎஸ்பி டர்ன்டேபிளில் இது உள்ளேயே இருக்கும்.

எர்ரகடா ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் பழைய பிளேயர் வாங்கினால், ஊசியை மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஊசி தட்டையே சுரண்டிவிடும்.

பதிவு செய்வது எப்படி?

1. இலவச மென்பொருளான ஆடாசிட்டியைத் திறந்து, இன்புட்டில் உங்கள் டர்ன்டேபிளைத் தேர்ந்தெடுங்கள்.
2. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள்.
3. சத்தமான பகுதியை ஓட்டிப் பாருங்கள். மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. அளவு மீறிப் பதிந்த சத்தத்தைப் பிறகு சரிசெய்வது கஷ்டம்.
4. ஒரு பக்கத்தை முழுசாக ஓடவிட்டுப் பதியுங்கள். பாட்டு பாட்டாக நிறுத்த வேண்டாம்; பிறகு லேபிள் போட்டு மொத்தமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

20 நிமிடப் பக்கம் ஒன்று சுமார் 690 எம்பி வரும். ஃபிளாக் ஃபார்மட்டில் சேமித்தால் தரம் குறையாமல் சைஸ் நன்றாகக் குறையும். எம்பி3 போனில் கேட்க மட்டும் போதும்.

"டிக் டிக்" சத்தத்தை நீக்கும் வசதியும் உண்டு. அதை நகலில் மட்டும் செய்யுங்கள். அதிகம் சுத்தம் செய்தால் மிருதங்கத்தின் அடியும் சேர்ந்தே மழுங்கும். மூலப் பதிவைத் தொடாமல் இரண்டு இடங்களில் வையுங்கள்.

யூடியூபில் போடலாமா?

சொந்த உபயோகத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. பொதுவில் போடுவது வேறு கதை. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். அதாவது 1960-ல் வெளியான பதிவுக்கு 2020 முடிய. ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி. அது படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். இரண்டையும் பார்த்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.

கடைசியாக ஒன்று: தட்டின் லேபிளையும் உறையின் இருபக்கத்தையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். பாடியவர் யார், தட்டு எண் என்ன என்பது அதில்தான் இருக்கிறது. பெயரில்லாத ஃபைலை பத்து வருஷம் கழித்து யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.