50 வயதில் வேலையை விட்டால் மருத்துவச் செலவு யார் பொறுப்பு?

வடபழனியில் விஜயா, சிம்ஸ் எனப் பெரிய மருத்துவமனைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஆனால், 50 வயதில் விருப்ப ஓய்வு பெற நினைப்பவர்களின் கவலை தூரமல்ல, பில்தான். அலுவலகத்தின் குரூப் பாலிசி பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எட்டிப் பார்க்கும் வயதும் அதுதான்.

3 வருடம் முன்பே தொடங்குங்கள்

ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 3 ஆண்டுகள். எனவே 51-ல் ஓய்வு என்றால், 48-லேயே சொந்த பாலிசி எடுத்துவிடுங்கள். காத்திருப்பு முடியும்வரை அலுவலக பாலிசி கைகொடுக்கும். தாமதமாகிவிட்டதா? வேலையை விடும் முன்பே, குரூப் பாலிசியை அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அங்கே கழிந்த காத்திருப்புக் காலம் வீணாகாது.

பிரீமியம் ஏறும்

இன்று ரூ.30,000 பிரீமியம், ஆண்டுக்கு 10% ஏறுவதாக வைத்துக்கொண்டால், 8 ஆண்டுகளில் ரூ.64,000-ஐத் தாண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற 2025 ஜனவரி உத்தரவு, 60 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும்தான். ஓர் ஆறுதல்: தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18% ஜி.எஸ்.டி, 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

செலவைக் குறைக்க, அடிப்படை பாலிசி ரூ.5 லட்சத்துக்கும், அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப்பும் எடுக்கலாம். ஒரே பெரிய பாலிசியைவிட இது பெரும்பாலும் மலிவு.

ரூ.120 போதும்!

பலருக்குத் தெரியாத வழி இது. இ.எஸ்.ஐ-யில் குறைந்தது 5 ஆண்டுகள் இருந்து, வயது முதிர்வாலோ விருப்ப ஓய்விலோ முன்கூட்டியோ ஓய்வு பெற்றவர்கள், ஆண்டுக்கு ரூ.120 செலுத்தினால் கணவன், மனைவி இருவருக்கும் சிகிச்சை உண்டு. வடபழனிவாசிகளுக்குப் பக்கத்திலேயே கே.கே.நகர் இ.எஸ்.ஐ மருத்துவமனை இருக்கிறது. ஓய்வுச் சான்றை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.1.2 லட்சத்துக்குள் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ரூ.5 லட்சம் வரை கிடைக்கும்.

பி.எஃப், வட்டி, வாடகை என்று ஓய்வுக்காலக் கணக்கு போடும்போது, பிரீமியத்தைக் கடைசியில் எழுதாதீர்கள். அரிசி, பருப்புக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள்!