வானத்திலிருந்து நம்ம ஏரி



நம்ம ஊரில் ராக்கெட் பார்க்காத பிள்ளை யாராவது உண்டா? ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புகிற அன்று, பாதுகாப்புக்காகக் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்னாடியே சொல்லிவிடுவார்கள். நாமும் கரையில் நின்று, புகை கலையும் வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். மேலே போன செயற்கைக்கோள் எதுக்குன்னு கேட்டால், “டிவிக்கு”, “போனுக்கு” என்போம். அவற்றில் சில நம்ம ஏரியையே படம் பிடிக்கின்றன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த கதை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரி இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறு, காளாங்கி, சுவர்ணமுகி ஆறுகள் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீர் தருகிறது. இறால் கடலில் பிறந்து, குஞ்சாக இருக்கும்போதே ஏரிக்குள் வந்து வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்குப் போகும். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் தள்ளுகிற வேகத்தில் வழி நன்றாகத் திறந்திருக்கும். கோடையில் அந்த வேகம் இல்லை. அலை மணலைத் தள்ளித் தள்ளி வாயை அடைத்துவிடும். அடைத்துவிட்டால் படகு கடலுக்குப் போக முடியாது, இறால் குஞ்சு உள்ளே வர முடியாது, வெயிலில் தண்ணீர் வற்றி உப்பும் ஏறும். எங்க அப்பா அந்த நாட்களில் வலையைத் தைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு வீட்டில் யாரும் அதிகம் பேச மாட்டோம்.

முகத்துவாரம் ஒரே இடத்தில் நின்றதே இல்லை என்பார் எங்க தாத்தா. “எந்த வருஷம் எங்க இருந்தது தாத்தா?”ன்னு கேட்டால், “புயல் வந்த வருஷம்” என்பார். எந்தப் புயல்? அதற்குத்தான் செயற்கைக்கோள் வேண்டும்!

சோதனைக்காக இல்லாமல், முழுப் பயன்பாட்டுக்கென்று நம்ம நாடு அனுப்பிய முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்.-1ஏ. 1988 மார்ச் 17 அன்று ரஷ்ய ராக்கெட்டில் போனது. அது நம்ம பக்கத்து ஊரிலிருந்து போகவில்லை! பி.எஸ்.எல்.வி. ராக்கெட் இந்த வகைச் செயற்கைக்கோளை முதன்முதலில் வெற்றிகரமாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கொண்டுபோனது 1994 அக்டோபர் 15-ல். ரிசோர்ஸ்சாட்-1 2003-லும், ரிசோர்ஸ்சாட்-2 2011-லும், ரிசோர்ஸ்சாட்-2ஏ 2016-லும் இங்கிருந்தே போயின. இவை சுமார் 817 கிலோமீட்டர் உயரத்தில் வடக்கு தெற்காகச் சுற்றுகின்றன. கீழே பூமி தன் பாட்டுக்குச் சுழல்வதால் ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஒரு பட்டை தெரியும். இதிலுள்ள லிஸ்-3 கேமராவின் பட்டை 141 கிலோமீட்டர் அகலம். நம்ம ஏரியின் நீளமோ ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். முழு ஏரியும் ஒரே படத்தில் அடங்கும். 24 நாளைக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வரும்.

சரி, அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீரையும் மணலையும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது? நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் நம்ம ஏரித் தண்ணீர் சேற்று நிறத்தில் கரை மாதிரியே இருக்கும். ரகசியம் அகச்சிவப்பு ஒளியில் இருக்கிறது. நம்ம கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், மணல் திருப்பி அனுப்பும், பச்சை இலை மிக அதிகமாகத் திருப்பி அனுப்பும். அதனால் அகச்சிவப்புப் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. பச்சை ஒளியிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு புள்ளியில் பச்சை 8, அகச்சிவப்பு 2 என்று வைத்துக்கொள்வோம். 6-ஐ 10-ஆல் வகுத்தால் 0.6. இன்னொரு புள்ளியில் பச்சை 20, அகச்சிவப்பு 30. விடை மைனஸ் 0.2. பொதுவாகப் பிளஸ் வந்தால் தண்ணீர், மைனஸ் வந்தால் தரை. இவ்வளவுதான்! எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடலாம். கம்ப்யூட்டர் இதையே லட்சக்கணக்கான புள்ளிகளுக்குப் போடுகிறது.

இங்கே ஒரு சுவையான செய்தி. நம்ம நாட்டில் இந்த அகச்சிவப்புப் படம் முதலில் எடுக்கப்பட்டது தென்னை மரத்துக்காக! 1970-ல் கேரளாவில் தென்னை வேர்வாடல் நோயைக் கண்டுபிடிக்க, விஞ்ஞானி பிஷரோட்டி குழுவினர் ஹெலிகாப்டரிலிருந்து படம் எடுத்தார்கள். இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

இனி புள்ளிகளுக்கு வருவோம். லிஸ்-3 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர். நம்ம பைபர் படகு அதில் தெரியவே தெரியாது. முகத்துவாரம் 200 மீட்டர் அகலமாக இருந்தால் எட்டு, ஒன்பது புள்ளி கிடைக்கும். 20 மீட்டராகக் குறுகிவிட்டால் ஒரே புள்ளிக்குள் மணலும் தண்ணீரும் கலந்து, திறந்திருக்கா மூடியிருக்கான்னு சொல்வதே கஷ்டம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். 2015-லிருந்து அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். அதில் ஒரு புள்ளிக்கு 100 சதுர மீட்டர். அப்படியானால் தண்ணீர்ப் புள்ளிகளை எண்ணி 10,000-ஆல் வகுத்தால் ஏரியின் பரப்பு சதுர கிலோமீட்டரில் வந்துவிடும்.

பழைய காலம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் லேண்ட்சாட் இருக்கிறது. 1972-லிருந்து தொடர்ந்து படம் எடுக்கிறது. 1984 முதல் 2015 வரையிலான 30 லட்சம் லேண்ட்சாட் படங்களை வைத்து உலகத்தின் தண்ணீர் முழுவதையும் கணக்கெடுத்து 2016-ல் வெளியிட்டார்கள். சுமார் 90,000 சதுர கிலோமீட்டர் நிரந்தர நீர்ப்பரப்பு காணாமல் போயிருந்தது. வேறு இடங்களில் அதைப்போல் இரண்டு மடங்கு புதிதாக வந்திருந்தது, பெரும்பாலும் அணைகளால்.

ஆனால் நண்பர்களே, படத்தை நம்புவதிலும் ஜாக்கிரதை வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எடுத்த படத்தையும், 2019 ஜூன் வறட்சிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “பாருங்கள், ஏரி அழிந்துவிட்டது!” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கோடையில் நம்ம ஏரியின் வடக்குப் பகுதி, சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போகிற சாலைப் பக்கம், வருஷா வருஷம் வற்றி உப்புப் பூத்து வெளுத்துவிடும். மே மாதத்தை மே மாதத்தோடும், டிசம்பரை டிசம்பரோடும்தான் ஒப்பிட வேண்டும். அந்த வருஷம் மழை எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். இதே காரணத்தால்தான் அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் நாட்டின் சதுப்பு நிலங்களுக்கு வரைபட ஏடு தயாரித்தபோது, மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று இரண்டு தடவை அளந்தது.

இன்னொரு தொல்லை மேகம். நமக்கு அதிகம் மழை தருகிற ஐப்பசி, கார்த்திகையில் மேலிருந்து பார்த்தால் பஞ்சுப் பொதிதான் தெரியும். இதற்கு ரேடார் செயற்கைக்கோள் இருக்கிறது. அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கிப் பார்க்கும். மேகமும் இருட்டும் அதை ஒன்றும் செய்யாது. அமைதியான தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாக இருக்கும். 2022-ல் போன இ.ஓ.எஸ்.-04 இந்த வகை. 2025 ஜூலை 30 அன்று போன நிசாரும் இதே வகைதான். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது.

மீனுக்கும் இது உதவுகிறது. ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், மீனுக்கு உணவாகிற நுண்பாசியின் நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, எந்தத் திசையில், எத்தனை தூரத்தில் மீன் கூட வாய்ப்பு என்று அறிவிக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் அறிவிப்பு கிடையாது. நான் இதை அப்பாவிடம் சொன்னபோது, “அது கடலுக்கு. நம்ம ஏரியில எங்க பாடுன்னு ஊர்தான் சொல்லும்” என்றார். உண்மைதான். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்ற நம்ம பாடு முறை எந்தப் படத்திலும் தெரியாது.

தெரியாதவை இன்னும் உண்டு. ஏரியின் ஆழத்தைக் கலங்கல் தண்ணீரில் சரியாக அளக்க முடியாது. உப்பின் அளவை அளக்கிற செயற்கைக்கோளுக்கு ஒரு புள்ளியே சுமார் 40 கிலோமீட்டர். நம்ம ஏரி முழுவதும் கரையோடு சேர்ந்து ஒன்றிரண்டு புள்ளியில் காணாமல் போய்விடும்! உப்பு பார்க்க வேண்டுமென்றால் படகில் போய்த் தண்ணீர் மொண்டுதான் பார்க்கணும். இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற அம்மாக்களுக்கு, எந்த இடத்தில் சேறு ஏறியிருக்கிறது என்று காலே சொல்லிவிடும்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்கலாம். நம்ம முகத்துவாரம் மூடாமல் இருக்க இரு பக்கமும் கல்சுவர் கட்டும் திட்டம் பற்றி ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். பலருக்குச் சந்தோஷம், எங்க வீட்டுக்கும்தான். ஆனால் நம்ம கடற்கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல் வைத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்து 1990 முதல் 2018 வரை பார்த்ததில், இந்தியக் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருக்கிறது.

ஒடிசாவின் சிலிகாவிலும் வழி மண்ணடித்து, உப்பு குறைந்து, களை மண்டி, மீன் குறைந்துபோனது. 2000 செப்டம்பர் 23 அன்று புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். கடலுக்குப் போகிற வழி 18 கிலோமீட்டர் குறைந்தது. மீனும் திரும்பியது. ஆனால் அவர்கள் வெட்டுவதற்கு முன்பும் பின்பும் ஏரியை அளந்துகொண்டே இருந்தார்கள்.

நாமும் அளக்கலாம் என்று புவியியல் சாரிடம் கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டார். 2016-லிருந்து ஒவ்வொரு மே மாதத்துக்கும், ஜனவரிக்கும் ஒரு படம் எடுத்து, முகத்துவாரத்தின் அகலத்தையும் வடக்குக் கரைக் கோட்டையும் வரைபடத் தாளில் குறிக்கப் போகிறோம். சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் அறையில். ஐந்து பேர் வேண்டும். கணக்கு வராதவர்களும் வரலாம், கோடு நேராகப் போடத் தெரிந்தால் போதும். வருகிறவர்கள் வீட்டில் தாத்தா, பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதி வாருங்கள்: முகத்துவாரம் எந்தெந்த வருஷம் மூடியது, அப்போது எங்கே வெட்டினார்கள்? வருஷம் நினைவில்லை என்றால், வீட்டில் யாருடைய கல்யாணத்துக்கு முன்னாடி, யார் பிறந்த பின்னாடி என்று கேட்டு வாருங்கள். நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.